தீவிலிருந்து புத்தகம்: பலேர்மோவின் ஸெல்லேரியோ பதிப்பகம்

1

கிராம்ஷியை நாம் பெரும்பாலும் சிறைக் குறிப்பேடுகளிலிருந்துதான் தொடங்குகிறோம். மேலாண்மை, குடிமைச் சமூகம், உயிர்ப்புள்ள அறிவுஜீவி என்று நாலைந்து கலைச்சொற்களை எடுத்துக்கொண்டு நமது விவாதங்களுக்குள் இறங்கிவிடுகிறோம். சிறைக்குப் போவதற்குச் சற்று முன் அவர் எழுதி, முடிக்காமல் விட்ட தெற்கு இத்தாலி குறித்த கட்டுரை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1926 நவம்பரில் அவர் கைதானார். கட்டுரை 1930இல் பாரிஸிலிருந்து வந்த கட்சிப் பத்திரிகையில்தான் அச்சேறியது.

அந்தக் கட்டுரையில், வேகமாகப் படிப்பவர் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு சிறிய இடம் இருக்கிறது. தெற்கில் பெரிய அறிவாளிகள் இருக்கிறார்கள் என்கிறார் கிராம்ஷி. குரோச்சே இருக்கிறார், ஃபோர்த்துனாத்தோ இருக்கிறார். பாரியில் லதெர்ஸா பதிப்பகம் இருக்கிறது, குரோச்சேயின் 'லா கிரித்திகா' இதழ் இருக்கிறது, மகா பாண்டித்தியம் கொண்ட கழகங்கள் இருக்கின்றன. இல்லாதது எது? சிறிய, நடுத்தர இதழ்கள் இல்லை. நடுத்தர அறிவுஜீவிகள் ஒன்றுகூட ஒரு சிறிய பதிப்பகம் இல்லை. உச்சியில் மேதைகள், அடியில் சிதறிக் கிடக்கும் விவசாயிகள், நடுவில் வெற்றிடம். நிலவுடைமைக் கூட்டை எதிர்த்து யோசிக்கத் தொடங்கும் தெற்கத்தி இளைஞன் தன் ஊரில் எழுத இடமில்லாமல் வடக்கில் அச்சாகும் இதழ்களிடம் போய்ச் சேருகிறான். குரோச்சே போன்றவர்கள் அவனை ஐரோப்பியப் பண்பாட்டோடு இணைத்துவிட்டு, சொந்த மண்ணின் விவசாயியிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள்.

பதிப்பகம் என்பதை இப்படி ஒரு வர்க்க அரசியல் பிரச்சினையாகப் பார்த்தவர்கள் குறைவு. நான் தமிழ் எம்.ஏ. படித்தபோது பதிப்பு வரலாறு என்றால் சுவடி, ஏடு, பாடபேதம், பதிப்பாசிரியர் என்ற அளவில் நின்றுவிடும். புத்தகம் போடுகிற நிறுவனம், அதன் கடன், அதன் அட்டை, அது எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே. கிராம்ஷியின் அந்த ஒரு பத்திதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. அவர் இல்லையென்று சொன்ன அந்த நடுத்தரப் பதிப்பகம் நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1969இல், சிசிலித் தீவின் பலேர்மோவில் தோன்றுகிறது. பெயர் ஸெல்லேரியோ. அது கிராம்ஷியின் வெற்றிடத்தை நிரப்பியதா, எந்த அளவுக்கு நிரப்பியது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

முதலில் அதற்கு முந்தைய நிலைமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்குத் தேவையான கந்தகத்தில் பெரும்பகுதி சிசிலியின் சுரங்கங்களிலிருந்துதான் போனது. வெட்டியவர்கள் சிசிலிக்காரர்கள், சுமந்தவர்கள் சிறுவர்கள். தொழிற்சாலைகள் வேறெங்கோ இருந்தன. இலக்கியத்திலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். கத்தானியாவின் வெர்கா சிசிலி மீனவக் குடும்பத்தைப் பற்றி எழுதிய 'மலவோல்யா குடும்பம்' 1881இல் மிலானில், திரேவெஸ் பதிப்பகத்தில் வந்தது. கச்சாப் பொருள் தெற்கில், புத்தகமாகிறது வடக்கில்.

இதை வடக்கின் சதி என்று சுருக்கிவிட்டால் விஷயம் லேசாகிவிடும். லம்பெதூஸாவின் 'சிறுத்தை' நாவலுக்கு நடந்ததைப் பார்க்க வேண்டும். மிலானின் மொந்ததோரியும் துரினின் எய்னவ்தியும் அதை ஏற்கவில்லை. இரண்டு இடத்திலும் அந்த மறுப்பில் கைவைத்தவர் எலியோ வித்தொரீனி. அவர் சிசிலியின் சிரகூஸாவில் பிறந்தவர், இடதுசாரி, புதிய எழுத்தின் காவலர். லம்பெதூஸா 1957 ஜூலையில் செத்துப்போனார். மறு வருஷம் பஸ்ஸானியின் முயற்சியில் ஃபெல்த்ரினெல்லி அதை வெளியிட்டது, புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. மையம் என்பது ஓர் ஊர் மட்டுமில்லை, அது ஒரு பார்வையும்கூட. அந்தப் பார்வை தீவில் பிறந்தவனின் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதே வித்தொரீனிதான் 1958இல் லெயொனார்தோ ஷாஷாவின் 'சிசிலியின் மாமன்கள்' கதைகளைத் தனது வரிசையில் போட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆக, கதவு திறக்கவும் செய்தது, மூடவும் செய்தது. திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கிற கை மட்டும் எப்போதும் அங்கேயே இருந்தது.

ஷாஷா 1921இல் ரக்கல்முத்தோவில் பிறந்தவர். கந்தகமும் உப்பும் வெட்டுகிற ஊர். தாத்தா சிறுவயதிலேயே சுரங்கத்துக்குப் போனவர், அப்பா சுரங்கத்தில் கணக்கெழுதியவர். ஷாஷா பள்ளிக்கூட வாத்தியார். 1950களில் கல்தனிஸெத்தாவிலிருந்து வந்த 'கல்லேரியா' என்ற சிற்றிதழை நடத்தியவர். உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் உட்கார்ந்து, தேசத்தின் முக்கியமான கவிஞர்களுக்குக் கடிதம் எழுதி, படைப்பு வாங்கி, மெய்ப்புத் திருத்தி இதழ் போடுகிற வேலை என்னவென்று இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாஃபியாவைப் பெயர் சொல்லி நாவலாக்கிய அவரது 'ஆந்தையின் நாள்' 1961இல் எய்னவ்தி வெளியீடாக வந்தது. புகழ் வந்தது. அந்தப் புகழும் வடக்கு வழியாகச் சுற்றித்தான் தீவுக்குத் திரும்பியது.

3

1969இன் பலேர்மோ எப்படிப்பட்ட ஊர்? முந்தைய ஆண்டு ஜனவரியில் பெலீச்சே பள்ளத்தாக்கை நிலநடுக்கம் அழித்திருந்தது. ஊர் ஊராக மக்கள் கூடாரங்களில் கிடந்தார்கள். நகரத்துக்குள்ளே நிலநடுக்கம் இல்லாமலேயே இடிபாடு நடந்துகொண்டிருந்தது. 1950களின் இறுதியிலிருந்து நகராட்சி, கட்டட ஒப்பந்தக்காரர்கள், மாஃபியா மூவரும் சேர்ந்து பழைய மாளிகைகளை இடித்து, எலுமிச்சைத் தோட்டங்களை அழித்து அடுக்குமாடிகள் எழுப்பியதை 'பலேர்மோவின் சூறையாடல்' என்றே வரலாறு பதிவு செய்கிறது. ஊரின் ஞாபகம் லாரியில் ஏற்றிக் கடலோரத்தில் கொட்டப்பட்ட காலம் அது. 1970 செப்டம்பரில் 'லோரா' நாளிதழின் நிருபர் மவ்ரோ தெ மவ்ரோ தன் வீட்டு வாசலிலிருந்து கடத்தப்பட்டார், திரும்பி வரவேயில்லை.

இந்த ஊரில் ஒரு புருஷன், பெண்டாட்டி, இரண்டு நண்பர்கள் சேர்ந்து பதிப்பகம் ஆரம்பிக்கிறார்கள். எல்வீரா ஜோர்ஜான்னி 1936இல் பிறந்தவர், அரசு நிறுவனம் ஒன்றில் உத்தியோகம். கணவர் என்ஸோ ஸெல்லேரியோ 1924இல் பிறந்த புகைப்படக் கலைஞர். நண்பர்கள் ஷாஷாவும், மானுடவியலாளர் அந்தோனீனோ புத்தீத்தாவும். எல்வீரா வேலையை விட்டுவிட்டு, வந்த பணிக்கொடையைப் பதிப்பகத்தில் போட்டார். அரசாங்க உத்தியோகமே சொர்க்கம் என்று நினைக்கிற தெற்கில் இது சின்னக் காரியமில்லை. பிழைக்கத் தெரியாதவங்க என்று யாராவது சொல்லியிருப்பார்கள், எந்த ஊராயிருந்தா என்ன.

என்ஸோவைப் பற்றி ஒரு தகவல் முக்கியம். 1955இல் பார்தினிக்கோவில் தனிலோ தோல்ச்சி நடத்திய வறுமை ஒழிப்புப் பணியை அவர் படமெடுத்தார், 'சினேமா நுவோவோ' இதழில் அது வெளியானது. தோல்ச்சி வடக்கிலிருந்து வந்து மீனவர்கள், விவசாயக் கூலிகள் நடுவே குடியேறியவர், உண்ணாவிரதம் இருந்தவர், சிசிலியின் காந்தி என்று அழைக்கப்பட்டவர். 1956இல் வேலையில்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டு, யாரும் கூலி தராத ஒரு சாலையைச் சீர்செய்யப் போய்க் கைதானார். வேலை கேட்டு, வேலை செய்தே நடத்திய போராட்டம். கிராம்ஷியின் கட்டுரையில் அடியில் சிதறிக் கிடக்கும் விவசாயி என்ஸோவின் புகைப்படங்களில் முகத்தோடு நிற்கிறான். பதிப்பகத்தின் முன்வரலாற்றில் அவன் இருக்கிறான். அதன் பட்டியலில் இருக்கிறானா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் பத்து ஆண்டுகளில் குறைந்த படிகள், நல்ல தாள், சிசிலி வரலாறு, மறந்துபோன கட்டுரையாளர்கள், கலை நூல்கள் என்றுதான் வண்டி ஓடியது. ஷாஷா சம்பளம் வாங்கவில்லை. எந்தப் புத்தகம் போடலாம் என்று சொன்னார், பழைய புத்தகங்களைத் தோண்டி எடுத்தார், அட்டையின் உள்மடிப்பில் வரும் குறிப்புகளைக் கையெழுத்தில்லாமல் எழுதினார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 2003இல், சல்வதோரே நீக்ரோ அந்தக் குறிப்புகளைத் தொகுத்து 'புத்தகம் போடும் மகிழ்ச்சி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலாகவே கொண்டுவந்தார். தேசத்தின் முதல் வரிசை எழுத்தாளர், பெயர் போடாமல், மடிப்பில் இருபது முப்பது வரி எழுதுகிறார். விமர்சனத்தின் ஆகச் சிறிய வடிவம் அது. எழுத்தாளன் என்ற தனிமனித அதிகாரத்தைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டுச் செய்கிற கூட்டு வேலையும்தான். ஆசிரியனின் மரணம் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதை ஒருவர் சத்தமில்லாமல் நடைமுறையில் செய்து பார்த்த இடம் இது.

4

1978 மார்ச் 16. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சித் தலைவர் அல்தோ மோரோவைச் சிவப்புப் படையினர் ரோமில் கடத்தினார்கள். மே 9இல் காரின் பின்பக்கத்தில் உடல் கிடைத்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து நாட்கள் மோரோ அடைத்துவைக்கப்பட்ட இடத்திலிருந்து கடிதங்கள் எழுதிக்கொண்டேயிருந்தார். பேச்சுவார்த்தை நடத்துங்கள் என்று தன் கட்சிக்காரர்களிடம் கேட்டார். ஆளும் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் மறுத்தன. எழுதுவது மோரோ இல்லை, கை மட்டும்தான் அவருடையது, வார்த்தைகள் அவருடையவை அல்ல என்று சொன்னார்கள். நாங்கள் அறிந்த மோரோ இவரில்லை என்று நண்பர்களே கூட்டாக அறிக்கை விட்டார்கள்.

ஷாஷா அதே கோடையில் 'மோரோ விவகாரம்' எழுதினார். அந்த நூல் ஓர் இலக்கிய வாசிப்பு. கடிதங்களைப் பிரதியாக எடுத்துக்கொள்கிறார். ஒரு சொல் ஏன் இங்கே இருக்கிறது, தணிக்கைக்கு உள்ளே இருந்துகொண்டு ஒருவன் எப்படிப் பேசுவான், எதைச் சொல்வதற்காக எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று பார்க்கிறார். போர்ஹேயின் பியர் மெனார் நூலுக்குள் வருகிறார். ஒரே வாக்கியம் சூழல் மாறினால் வேறொன்றாகிறது என்ற இலக்கிய விளையாட்டு, ஒரு மனிதன் உயிரோடு இருப்பதா சாவதா என்ற கேள்வியாகிறது. பிரதிக்கு வெளியே எதுவுமில்லை என்ற சூத்திரத்தை நாம் தேநீர்க் கடையில் வைத்து எவ்வளவு நேரம் புரட்டியிருப்போம். இங்கே ஓர் அரசு, ஒரு மனிதனின் எழுத்தை அவனுடையது இல்லை என்று அறிவிக்கிறது. ஆசிரியனின் மரணத்தை அரசே அறிவிக்கிறபோது, வாசகன் அந்த ஆசிரியனை உயிரோடு மீட்க வேண்டியிருக்கிறது. கோட்பாட்டை வாய்ப்பாடாக்கிக்கொண்டவர்கள் படிக்க வேண்டிய புத்தகம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். நாட்டையே உலுக்கிய பொருள், பெயர்பெற்ற எழுத்தாளர். எந்தப் பெரிய பதிப்பகமும் வாங்கிப் போட்டிருக்கும். ஷாஷா அதைப் பலேர்மோவின் சிறிய பதிப்பகத்துக்குக் கொடுத்தார். அதே ஆண்டில் ஸெல்லேரியோ அதை வெளியிட்டது. மைய அரசியலின் நடுமையமான பிரச்சினை பற்றிய பேச்சு விளிம்பிலிருந்து அச்சாகி மையத்துக்குப் போனது. வட்டாரப் பதிப்பகம் வட்டாரத்தைப் பற்றித்தான் புத்தகம் போட வேண்டும், ஊர்ப்பெருமை, நாட்டார் வழக்காறு, கோவில் திருவிழா என்று இருக்க வேண்டும் என்கிற எழுதாத விதி ஒன்று உண்டு. விளிம்புக்கு மையம் ஒதுக்கித் தருகிற இடம் அது. 1978இல் ஸெல்லேரியோ அந்த விதியை உடைத்தது. பலேர்மோவிலிருந்து ரோமைப் பற்றிப் பேசியது.

மறு ஆண்டு, 1979இல், 'லா மெமோரியா' என்ற வரிசை தொடங்கியது. நினைவு என்று பொருள். கையடக்க அளவு, அடர்நீல அட்டை, நடுவில் சின்னதாக ஒரு படம். முதல் நூல் ஷாஷாவின் 'நம்பிக்கையற்றவர்களின் பக்கத்தில்'. பத்தி என்ற சிசிலிய மறைமாவட்டத்தின் ஆயர் ஆஞ்ஜெலோ ஃபிக்கார்ரா, தேர்தல்களில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்குப் போதுமான அளவு உழைக்கவில்லை என்பதற்காக ரோமிலிருந்து வந்த கடிதங்களால் ஆண்டுக்கணக்கில் நெருக்கப்பட்டு, கடைசியில் பதவி இழக்கிற கதை. இதுவும் கடிதங்களை வாசிக்கிற புத்தகம்தான். முந்தையதில், அதிகாரத்தின் உச்சியிலிருந்தவன் அதிகாரத்துக்கு எழுதிய கடிதங்கள். இதில், அதிகாரம் தனக்குக் கீழே உள்ளவனுக்கு மரியாதை குறையாத மொழியில் எழுதிய கடிதங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும்போதுதான் பதிப்பகம் நினைவு என்று எதைச் சொன்னது என்பது விளங்கியது. நினைவு என்றால் பழையதை நினைத்துப் பெருமூச்சு விடுவதில்லை. அலமாரியில் கிடக்கும் காகிதத்தை எடுத்து, இதை யார் யாருக்கு ஏன் எழுதினார் என்று கேட்பது.

5

இந்த வரிசை வெளியே கொண்டுவந்த மௌனங்களில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, மேஜை டிராயரின் மௌனம். கொமீஸோ என்ற ஊரில் ஜெசுவால்தோ புஃபலீனோ என்றொரு பள்ளி ஆசிரியர். அந்த ஊரின் பழைய புகைப்படங்களை 1978இல் ஸெல்லேரியோ தொகுத்தபோது முன்னுரை எழுதினார். அந்த நடையைப் பார்த்த எல்வீராவும் ஷாஷாவும் இந்த ஆளிடம் வேறு எழுத்து இல்லாமல் இருக்க முடியாது என்று விடாமல் கேட்டார்கள். போருக்குப் பின் பலேர்மோ அருகே காசநோய் மருத்துவமனையில் கிடந்த அனுபவத்திலிருந்து எழுதி, பல ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்த நாவல் வெளியே வந்தது. 1981இல் 'கொள்ளைநோய் பரப்புபவனின் கதை' அச்சானபோது அவருக்கு வயது அறுபது. அதே ஆண்டு கம்பியெல்லோ பரிசு. ஒரு முன்னுரையைப் படித்துவிட்டு நாவலாசிரியனைத் தேடிப்போவது பக்கத்தில் இருக்கும் பதிப்பகத்தால்தான் முடியும். மிலான் கொமீஸோவின் புகைப்படத் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருக்காது.

இரண்டு, பெண்ணின் மௌனம். மரீயா மெஸ்ஸீனா 1887இல் பிறந்தவர், வெர்காவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். பூட்டிய வீட்டுக்குள் பெண்களின் வாழ்வை எழுதியவர். நரம்பு நோயால் முடங்கி 1944இல் இறந்தார். இலக்கிய வரலாறுகள் அவரை மறந்தன. 1980களின் தொடக்கத்திலிருந்து நீல அட்டையில் அவர் திரும்பி வந்தார். 'சந்து வீடு' நாவலை இன்று படிக்கும்போது, மாஃபியா பற்றிய எத்தனையோ நூல்கள் சொல்லாத ஒன்று புலப்படுகிறது: அந்தச் சமூகத்தின் வாய்ப்பூட்டு வீட்டுக்குள்ளேதான் முதலில் தயாராகிறது.

மூன்று, ஆவணத்தின் மௌனம். 1848 புரட்சியின்போது, இன்று போர்த்தோ எம்பெதொக்ளே எனப்படும் துறைமுகத்தின் கோட்டையில் 114 கைதிகள் கொல்லப்பட்டார்கள். புரட்சியின் வரலாறு அவர்களைத் தியாகிகளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை, குற்றவாளிகள்தானே. அந்த ஊரில் 1925இல் பிறந்த அந்திரெயா கமில்லேரி இந்தத் தகவல்களை ஷாஷாவிடம் கொடுத்து நீங்கள் எழுதுங்கள் என்றாராம். நீயே எழுது என்று சொல்லி எல்வீராவிடம் அனுப்பிவைத்தாராம் ஷாஷா. கமில்லேரி பல தடவை சொன்ன கதை இது. 1984இல் 'மறக்கப்பட்ட படுகொலை' வந்தது. புரட்சிகளுக்கும் ஓர் அடித்தட்டு உண்டு, அதன் கணக்கை யாரும் வைப்பதில்லை.

இந்த வரிசை தீவுக்குள் அடைபட்டுக் கிடக்கவுமில்லை. அந்தோனியோ தபூக்கியின் 'இந்திய இரவுப்பாடல்' 1984இல் இதே நீல அட்டையில்தான் வந்தது. காணாமல்போன நண்பனைத் தேடி ஒருவன் பம்பாய், மதராஸ், கோவா என்று அலைகிற சிறு நாவல். நமது அடையாற்றின் தியாசஃபிகல் சொசைட்டி அதில் ஒரு நிறுத்தம். தபூக்கி தஸ்கனிக்காரர், சிசிலிக்காரரே இல்லை. பலேர்மோவில் அச்சாகிற புத்தகத்தில் மதராஸ் வரலாம், அதற்காக இரண்டு ஊரும் மிலானிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

6

இதுவரை எழுதியது ஒரு வெற்றிக் கதைபோல ஆகிவிட்டது. அது அப்படியே போய்விடக் கூடாது.

1983இல் பதிப்பகம் இரண்டாகப் பிரிந்தது. கலையும் புகைப்படமும் என்ஸோவிடம், இலக்கியமும் கட்டுரைகளும் எல்வீராவிடம். பிறகு 1987 ஜனவரி. 'கொரியெரே தெல்லா செரா' நாளிதழில் ஷாஷா ஒரு நூல் மதிப்புரை எழுதினார். பாசிசக் கால மாஃபியா பற்றி ஆங்கில வரலாற்றாளர் கிறிஸ்டோஃபர் டக்கன் எழுதிய ஆய்வு. கலாப்ரியாவின் மலையூரான சொவெரியா மன்னெல்லியிலிருந்து ருபெத்தீனோ என்ற இன்னொரு தெற்கத்திச் சிறு பதிப்பகம் அதை வெளியிட்டிருந்தது. மாஃபியா எதிர்ப்பு என்பதே அதிகாரத்துக்கு ஏறும் படிக்கட்டாகலாம், முசோலினி காலத்தில் அப்படி ஆனது, இப்போதும் ஆகலாம் என்றார் ஷாஷா. அதற்கு உதாரணமாக நீதிபதி பொர்செல்லீனோவின் பதவி நியமனத்தைக் குறிப்பிட்டார். பலேர்மோவின் இயக்கத்தவர்கள் கொதித்தார்கள். வாழ்நாள் முழுக்க மாஃபியாவைப் பற்றி எழுதியவர் துரோகி ஆனார். 1989 நவம்பரில் ஷாஷா இறந்தார். 1992இல் மே மாதம் ஃபல்கோனேயும் ஜூலையில் பொர்செல்லீனோவும் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார்கள்.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷாஷா எடுத்த உதாரணம் அநியாயமானது. எழுப்பிய கேள்வி நியாயமானது. இயக்கமும் அதிகாரமாகும், தூய்மையும் மூலதனமாகும் என்று இயக்கக்காரனிடம் சொல்ல யாராவது வேண்டும்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கும் தெருவில் நின்றவர்களுக்கும் இடையில் பேசிக்கொள்ள ஒரு தளம் இல்லாமல் போனது. தேசிய நாளிதழின் ஒரு பக்கம், அதற்கு எதிராகத் துண்டறிக்கை, அவ்வளவுதான். கிராம்ஷி சொன்ன நடுத்தர இதழ்கள் என்ற இடம் அப்போதும் காலியாகவே இருந்திருக்கிறது. பதிப்பகம் வந்துவிட்டது, அதைச் சுற்றி விவாதம் நடத்தும் குழுக்கள் அந்த அளவுக்கு வரவில்லை.

ஷாஷா இல்லாத பதிப்பகத்துக்குப் பணமும் நெருக்கடியானது. அங்கிருந்து அதைத் தூக்கி நிறுத்தியவர் கமில்லேரி. 1994இல் 'தண்ணீரின் வடிவம்', இன்ஸ்பெக்டர் மொந்தல்பானோவின் முதல் கதை. எழுபதை நெருங்கிய மனிதர் எழுதிய துப்பறியும் நாவல். 1998 வாக்கில் அவருடைய பல தலைப்புகள் ஒரே நேரத்தில் விற்பனைப் பட்டியலில் நின்றன. 1999இல் ராய் தொலைக்காட்சியில் தொடர் வந்தது. அதன்பிறகு நீல அட்டை இத்தாலியின் ரயில்நிலையக் கடைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

இதை எப்படிப் பார்ப்பது? சந்தை விழுங்கிவிட்டது என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதுவது நமக்குக் கைவந்த கலை. அதில் உண்மையும் இருக்கிறது. கடல், வறுத்த மீன், ஒரு பிணம், கொஞ்சம் மாஃபியா என்று சிசிலி ஒரு பண்டமாகிவிட்டது. கந்தகத்துக்குப் பதில் இப்போது இது ஏற்றுமதி. ஆனால் இரண்டு விஷயங்கள் என்னைத் தடுக்கின்றன. ஒன்று, இந்தத் தடவை ஆலை தீவிலேயே இருந்தது. துப்பறியும் கதையின் வருமானம், விற்காத நினைவு நூல்களுக்குத் தாள் வாங்கியது. அதே காலத்தில் ஷாஷாவை முன்பு வெளியிட்ட பெரிய பதிப்பகமான எய்னவ்தி நொடித்துப்போய், 1990களில் பெர்லுஸ்கோனியின் கையிலிருந்த மொந்ததோரி குழுமத்துக்குள் போய்விட்டது. பலேர்மோவின் சிறிய வீடு சுதந்திரமாக நின்றது. இரண்டு, மொழி. கமில்லேரி எழுதியது இத்தாலியனும் சிசிலியப் பேச்சும் கலந்து அவரே பிசைந்த மாவு. அகராதி கிடையாது, அடிக்குறிப்பு கிடையாது. மிலான் வாசகன் தட்டுத்தடுமாறி அதைக் கற்றுக்கொண்டான். ஆங்கிலம் வழியாக வாசிக்கிற எனக்குக் கதை மட்டும்தான் கிடைக்கிறது, அந்த மாவு கிடைப்பதில்லை. மையத்தின் வாசகனை விளிம்பின் பேச்சுக்குப் பழக்குவது எந்த அறிக்கையாலும் நடக்காத காரியம். ஒரு போலீஸ்காரன் கதையால் நடந்தது. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று நமது கோட்பாடுகள்தான் யோசிக்க வேண்டும்.

7

எல்வீரா 2010 ஆகஸ்டில் இறந்தார், என்ஸோ 2012இல். மகன் அந்தோனியோவும் மகள் ஒலீவியாவும் பொறுப்பேற்றார்கள். 2015இல் 'லா மெமோரியா'வின் ஆயிரமாவது எண்ணுள்ள நூல் எல்வீராவைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளாக வந்தது. பதிப்பகம் இருக்கும் தெருவுக்கே பிறகு அந்தத் தம்பதியின் பெயர் வைக்கப்பட்டது. கமில்லேரி 2019 ஜூலையில் இறந்தார். மொந்தல்பானோவின் கடைசி நாவலை 2005லேயே எழுதிப் பதிப்பகத்திடம் கொடுத்து வைத்திருந்தார், நான் போன பிறகு போடுங்கள் என்று. 2020இல் 'ரிக்கார்தீனோ' வெளியானது. பதினைந்து ஆண்டுகள் ஒரு பெட்டகத்தில் பணம் காய்க்கும் கையெழுத்துப் பிரதி பத்திரமாக இருந்திருக்கிறது. அவசரத்துக்கு எடுத்து விற்கவில்லை. எழுத்தாளனுக்கும் பதிப்பாளனுக்கும் இடையே என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒப்பந்தம், ராயல்டி எல்லாம் அதற்கப்புறம்.

ஆரம்பித்த கேள்விக்கு வருகிறேன். கிராம்ஷி கேட்டதில் இரண்டு பாதிகள் உண்டு. தெற்கில் நடுத்தர அறிவுஜீவிகள் கூட ஒரு வீடு வேண்டும் என்பது ஒரு பாதி. அந்த வீடு விவசாயியை நிலப்பிரபுவோடு கட்டிப்போட்டிருக்கும் கயிற்றை அறுக்க உதவ வேண்டும் என்பது மறு பாதி. ஸெல்லேரியோ முதல் பாதியைச் செய்தது, அதுவும் அந்தத் தீவில் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு. இரண்டாம் பாதியைச் செய்யவில்லை. என்ஸோவின் புகைப்படத்தில் நின்ற பார்தினிக்கோவின் கூலிக்காரன் நீல அட்டைக்குள் எழுதுகிறவனாக வரவில்லை. வந்தவர்கள் ஆசிரியர்கள், வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், நாடகக்காரர்கள், பேராசிரியர்கள். அவர்கள் அவனைப் பற்றி எழுதினார்கள். சிலர் மிக நேர்மையாக எழுதினார்கள். பற்றி எழுதுவதும் எழுதுவதும் ஒன்றாகிவிடாது.

இதைப் பதிப்பகத்தின் குற்றமாக நான் வைக்கவில்லை. ஒரு பதிப்பகம் ஒரு வர்க்கத்தை உண்டாக்காது, இயக்கம் செய்யத் தவறியதைப் புத்தகத்தின் தலையில் கட்டுவதும் சரியில்லை. ஆனால் சிறு பதிப்பு, சிற்றிதழ் என்று வாழ்கிற நாம் இந்த வரலாற்றிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். விளிம்பில் இருப்பதே ஒரு தகுதி இல்லை. ரோமைப் பற்றிப் பலேர்மோவிலிருந்து பேசுகிற துணிவு வேண்டும். பெயர் போடாமல் உள்மடிப்பு எழுதுகிற ஆள் வேண்டும், ஒரு முன்னுரையைப் பார்த்துவிட்டு பஸ் ஏறி ஒருவரைத் தேடிப்போகிற பொறுமை வேண்டும், கடனை அடைக்க விற்கிற புத்தகத்தைக் கண்டு கூச்சப்படாத மனசு வேண்டும். இவ்வளவும் இருந்தும் அந்த வீட்டுக்குள் வராமல் போனவர்கள் யார் என்ற கணக்கை வைத்துக்கொண்டேயிருக்கவும் வேண்டும். ஸெல்லேரியோ மற்ற எல்லாவற்றையும் செய்தது. கடைசியாகச் சொன்ன கணக்கு மட்டும் இன்னும் யாராலும் சரியாக எழுதப்படவில்லை.